கிளிண்டாமைசின் ஜெல் முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை. கன்னம் வேறு சிவக்கிறது

பொதிகைத்தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, ஊர் திருநெல்வேலி. கல்லூரியில் படிக்கும்போது வந்த பரு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு தாடையோரத்திலும் கன்னத்திலும் மறுபடி கிளம்பியது. தோல் டாக்டர் ஒருவர் கிளிண்டாமைசின் 1 சதவீத ஜெல்லும், இரவில் போட அடாபலீன் ஜெல்லும் எழுதிக் கொடுத்தார். அடாபலீன் போட்டால் தோல் உரிந்து எரிந்தது, அதனால் அதை விட்டுவிட்டேன். கிளிண்டாமைசின் மட்டும் தொடர்ந்தேன். ஆரம்பத்தில் முகம் அப்படித் தெளிந்தது! ட்யூப் தீரத் தீர மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது காலையும் மாலையும் போட்டாலும் பரு வந்துகொண்டே இருக்கிறது. அதோடு இரண்டு கன்னமும் மூக்கும் சிவக்கின்றன. வெயிலில் போய் வந்தாலும் அடுப்படியில் நின்றாலும் சூடாகக் காபி குடித்தாலும் குப்பென்று எரிகிறது. நான் மாநிறம்தான், ஆனாலும் "ஏன்டி முகம் இப்படிக் கன்றிப் போயிருக்கு" என்று அம்மா கேட்கிற அளவுக்குத் தெரிகிறது.

வேறு ஆன்டிபயாடிக் ஜெல்லுக்கு மாறலாமா? எரித்ரோமைசின், நாடிஃப்ளாக்சசின் என்றெல்லாம் இருக்கிறதாம். சிவப்புக்கு மெட்ரோனிடசோல் ஜெல் போடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள்மணி எழுதியது:

எனக்கும் இதேதான் நடந்தது. கிளிண்டாமைசின் கொஞ்ச நாள் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. நாடிஃப்ளாக்சசினுக்கு மாறினேன், சரியாகிவிட்டது. ஒரே மருந்தைப் போட்டால் தோல் பழகிவிடும், மாற்றி மாற்றிப் போட வேண்டும். தைரியமாக மாறுங்கள்.

மருந்துக்கட்டு எழுதியது:

தம்பி, தோல் பழகுவதில்லை, கிருமிதான் பழகுகிறது. மதுரையில் மருந்துக்கடையில் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன். முகத்துக்கு மருந்து வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சீட்டோடு வருவதில்லை. நசுங்கிப்போன பழைய ட்யூபைக் காட்டி "இதே கொடுங்க" என்பார்கள், இல்லாவிட்டால் போனில் எடுத்த படத்தை நீட்டுவார்கள். கிளிண்டாமைசின் சீட்டு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து, அட்டையிலேயே போட்டிருக்கும். டாக்டர் எழுதியது ஒரு காலக்கெடுவுக்கு. அந்தக் கெடு கடை கடையாகப் போகும்போது காணாமல் போய்விடுகிறது.

பொதிகைத்தென்றல், உங்களிடம் ஒரு கேள்வி. கிளிண்டாமைசின் தவிர முகத்தில் வேறு என்ன போடுகிறீர்கள்? நைட் கிரீம், வெள்ளையாக்கும் கிரீம், பார்லரில் கொடுத்தது எதுவானாலும் சொல்லுங்கள். பருவும் சிவப்பும் சேர்ந்து வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தோல்படிப்பு எழுதியது:

சென்னையில் தோல் மருத்துவம் மேற்படிப்புப் படிக்கிறேன். இங்கே எழுதுவது சிகிச்சை ஆகாது, நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்லவும் கூடாது. ஆனால் இந்தக் கேள்வி புறநோயாளிப் பிரிவில் தினமும் வருவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பரு கிருமியால் மட்டும் வருவதில்லை. மயிர்க்காலின் வாயில் இறந்த செல்கள் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், உள்ளே எண்ணெய் தேங்கும். அந்த எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் பெருகும் (பழைய புத்தகங்களில் புரோபியோனிபாக்டீரியம் என்று இருக்கும், 2016-இல் பெயரை மாற்றினார்கள்). அதற்கு உடல் காட்டும் எதிர்ப்புதான் நாம் பார்க்கிற சிவப்பும் வீக்கமும் சீழும். கிளிண்டாமைசின் கிருமியைக் குறைக்கும், வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் முகம் தெளிகிறது. ஆனால் அடைப்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடைப்பைத் திறப்பது நீங்கள் எரிகிறது என்று விட்டுவிட்ட அடாபலீன். உங்கள் சீட்டில் நீண்ட காலத்துக்கான மருந்து அதுதான், கிளிண்டாமைசின் கொஞ்ச காலத்துக்குத் துணை.

அடாபலீன் முதல் சில வாரங்கள் எரிக்கத்தான் செய்யும். இதைச் சீட்டு எழுதும்போதே சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்துக் குறை, அவசரத்தில் இது தினமும் நடக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் மாய்ஸ்சரைசர். இப்படித் தொடங்கினால் பெரும்பாலோருக்குத் தாங்கும். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை. அடுத்த பரு வரப்போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட மாற்று ஜெல். எரித்ரோமைசினும் கிளிண்டாமைசினும் வேறு வேறு குடும்பம் என்றாலும், கிருமி தனக்குப் புரதம் செய்துகொள்ளும் ரைபோசோமில் இரண்டும் போய் ஒட்டுகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றே. அந்த இடம் மாறிவிட்டால் பெரும்பாலும் இரண்டுமே கேட்காது. கிருமி மருந்துக்குக் காட்டும் இந்த எதிர்ப்பு 1970-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் பதிவாகிவிட்டது. நாடிஃப்ளாக்சசின் வேறு வகை, அதனால் சைக்கிள்மணிக்குக் கேட்டிருக்கும். அதையும் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் இதே கதை திரும்பும்.

அதனால்தான் ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் போடாதீர்கள், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போடுங்கள், மூன்று மாதம் வாக்கில் நிறுத்திப் பாருங்கள் என்கிறோம். பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனை வெளிவிட்டுக் கிருமியை நேரடியாகத் தாக்குகிறது, அதற்கு எதிர்ப்பு உருவானதாக இதுவரை காணவில்லை. 10 சதவீதம் வாங்கி முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைக் குறைந்த எரிச்சலோடு செய்யும்.

உங்கள் சிவப்பு வேறு விஷயம் போலத் தெரிகிறது. மருந்துக்கட்டு அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

சைக்கிள்மணி எழுதியது:

டாக்டர், ஒரு சந்தேகம். முகத்தில் இருக்கிற பருக்கிருமி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டால்தான் என்ன? அது ஆளைக் கொல்லப் போவதில்லை. எனக்கு முகம் சுத்தமாக இருக்கிறது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றுகிற ஆன்டிபயாடிக்கையும் ஒரு சின்ன ட்யூபையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்? நான் இன்னும் அதைத்தான் போடுகிறேன்.

தோல்படிப்பு எழுதியது:

நியாயமான கேள்வி. மருந்தைத் தடவுகிற இடத்தில் பருக்கிருமி மட்டும் குடியிருக்கவில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் தோலெங்கும், மூக்குத் துவாரத்திலும் இருக்கின்றன. காலையும் மாலையும் தடவும் மருந்து அவற்றின் மேலும் படுகிறது. எதிர்ப்பைத் தரும் மரபணுக்களை அவை தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். ஒரே வீட்டில் புழங்குகிறவர்களின் தோலுக்கும் எதிர்ப்புள்ள கிருமி போய்ச் சேரும். கிளிண்டாமைசின் எலும்பில் சீழ் பிடித்தவருக்கும், பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கும் உயிர்காக்கும் மருந்து. என் வார்டில் ஒரு குழந்தையின் காலில் இருந்து எடுத்த சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த அறிக்கையில் கிளிண்டாமைசினுக்கு நேராக "கேட்காது" என்று இருந்தது. யாருடைய ட்யூபால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிக்கையைப் பார்த்த பிறகு "சின்ன ட்யூப்தானே" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் முகம் தெளிந்திருக்கிறது என்றால் நல்லது. அப்படியென்றால் ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிற நேரமும் வந்துவிட்டது. தெளிந்த முகத்தை அப்படியே வைத்திருக்க அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு இருக்கின்றன. உங்கள் டாக்டரிடம் கேட்டு மாறிக்கொள்ளுங்கள்.

வடலிநிழல் எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊர் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டனில். பொதிகைத்தென்றல் சொன்ன சிவப்பும் எரிவும் எனக்குக் கனகாலம் இருந்தது. தேத்தண்ணீர் குடித்தாலும், உறைப்பாகச் சாப்பிட்டாலும், குளிருக்குள் இருந்து சூடான அறைக்குள் வந்தாலும் முகம் பற்றி எரியும். குடும்ப வைத்தியர் முதலில் பரு என்றார், பிறகு ஒவ்வாமை என்றார். கடைசியில் தோல் வைத்தியர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ரோசேசியா என்றார். வெள்ளைத்தோல்காரருக்கு வருகிற வருத்தம் என்று எல்லோரும் நினைப்பதால் எங்களைப் போன்ற நிறத்தில் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சிவப்பு எங்களில் செம்பு நிறமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். அதனால் நிறத்தைவிட எரிவைக் கவனியுங்கள். கரும்புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோசேசியாவில் சிவந்த பொக்குளம் வரும், அடைபட்ட கரும்புள்ளி இராது. கண் உறுத்துவதும் மணல் விழுந்ததுபோல் இருப்பதும் அதனோடு சேர்ந்தவை, வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்கு முதலில் மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல் தந்தார்கள். பொக்குளங்கள் மெல்ல மெல்ல அடங்கின, ஒரு கிழமையில் பலன் பார்க்கிற மருந்து அது இல்லை. ஆனால் நிரந்தரச் சிவப்பும் கன்னத்தில் தெரிகிற சிறு இரத்தக் குழாய்களும் அதற்கு அசையவில்லை. பிறகு ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம், இரவில் ஒருமுறை. எனக்கு அதுதான் நன்றாக ஒத்துக்கொண்டது. நடுவில் அசெலாயிக் அமிலம் போட்டபோது குத்தியது, ஆனால் என் தங்கைக்கு அதுவே போதுமாக இருந்தது. சிவப்பை உடனே குறைக்கும் பிரிமோனிடின் ஜெல்லும் உண்டு. ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டேன், சில மணித்தியாலம் முகம் தெளிந்தது, இரவு முன்னையைவிட அதிகமாகச் சிவந்தது. பிறகு தொடவில்லை.

இன்னொன்று. இங்கு வைத்தியர்களுக்கு வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பருச் சிகிச்சை வழிகாட்டியும் பூசும் ஆன்டிபயாடிக்கைத் தனியே தரவேண்டாம் என்றுதான் சொல்கிறது. சிகிச்சையைப் பன்னிரண்டு கிழமை பார்க்கச் சொல்கிறார்கள். ஆகவே இது ஊருக்கு ஊர் மாறுகிற கருத்து இல்லை.

தோல்படிப்பு எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. ஒன்று சேர்க்கிறேன். மெட்ரோனிடசோல் ஆன்டிபயாடிக் என்றாலும், ரோசேசியாவில் அது கிருமியைக் கொன்று குணப்படுத்துவதாகத் தெரியவில்லை, வீக்கத்தைத் தணிக்கிறது என்றே கருதுகிறோம். ரோசேசியாவுக்கு 40 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் என்று ஒரு மாத்திரை உண்டு. கிருமியைக் கொல்லப் போதாத அளவு அது, இருந்தும் வேலை செய்கிறது. ஐவர்மெக்டின் மயிர்க்காலில் வாழும் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணிவகையைக் குறைக்கிறது, வீக்கத்தையும் தணிக்கிறது. கன்னத்துக் குழாய்கள் எந்த ஜெல்லுக்கும் மறையாது, அவற்றுக்கு லேசர்தான்.

நூலகக்குருவி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் மகன் கல்லூரி போகிறான். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்திருக்கிறது, அரிக்கிறது என்கிறான். ஆன்டிபயாடிக் ஜெல் போட்ட பிறகு இன்னும் கூடிவிட்டது. இதுவும் எதிர்ப்புதானா?

தோல்படிப்பு எழுதியது:

ஒரே அளவு, அரிப்பு, நெற்றி, முதுகு, ஆன்டிபயாடிக்குக்குக் கூடுவது: மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வியர்வையில் நனைந்த டி-சர்ட்டோடு இருப்பவர்களுக்கு நம் ஊர் வெயிலில் சாதாரணமாக வரும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறைத்துவிட்டு இதற்கு இடம் விட்டுக்கொடுக்கும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்குக் கேட்கும். ஜெல்லை நிறுத்திவிட்டு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பொதிகைத்தென்றல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருந்துக்கட்டு அண்ணா, நீங்கள் கேட்டதால் அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தேன். ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், கிளிண்டாமைசின், அப்புறம் ஒரு நைட் கிரீம். பருத் தழும்பு போகும் என்று பார்லரில் கொடுத்தார்கள், தீர்ந்ததும் மெடிக்கலில் அதே பெயர் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். ட்யூபின் மடிப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை இன்றுதான் டார்ச் அடித்துப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் ஃபூரோயேட். கூகுளில் தேடியதில் மூன்றாவது ஸ்டீராய்டு என்று வருகிறது. ஒரு நாள் போடாவிட்டாலும் மறுநாள் முகம் எரிந்து சிவக்கும், போட்டால் அடங்கும். அதனால் அது நல்ல கிரீம் என்றே இருந்தேன். என்ன செய்வது? இன்றே தூக்கிப் போட்டுவிடவா?

மருந்துக்கட்டு எழுதியது:

இதைத்தான் நினைத்தேன் தங்கச்சி. இந்த மூன்று மருந்தும் கலந்த கிரீம் மங்குக்காகக் கொஞ்ச நாள் மட்டும் டாக்டர் பார்வையில் போட வேண்டியது. நம் கடைகளில் அது வெள்ளையாக்கும் கிரீம் போல விற்கிறது. 2018-இல் மத்திய அரசு 14 வகைப் பூசும் ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச்-இல் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றது. சட்டம் அப்படி இருந்தும் ட்யூபின் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. என் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இது. பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

தோல்படிப்பு எழுதியது:

முதலில் ஒன்று. தூக்கிப் போடுவதற்கு முன் டாக்டரிடம் போங்கள். நாள்கணக்கில் போட்ட ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தினால் முகம் பயங்கரமாகச் சிவந்து வீங்கி, சீழ்ப்பருவும் கிளம்பலாம். அதைப் பார்த்துப் பயந்து பலர் மறுபடி அதே கிரீமைப் போடுகிறார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் சொன்ன "போட்டால் அடங்கும், விட்டால் எரியும்" என்பது ஸ்டீராய்டால் பாழான முகத்தின் அடையாளம். தோல் மெலியும், குழாய்கள் தெரியும், பருவும் அதனாலேயே வரும். பார்ப்பதற்கு ரோசேசியா மாதிரியே இருக்கும். ரோசேசியா உள்ளவர் ஸ்டீராய்டு போட்டும் கெடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல நேரில் பார்த்தால்தான் முடியும்.

இப்படிப்பட்ட முகத்தின் மேல் எந்த ஆன்டிபயாடிக் ஜெல்லை மாற்றிப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. உள்ளே பருவை வரவழைக்கிற மருந்து தினமும் போய்க்கொண்டிருக்கிறதே. போகும்போது மேசையில் வைத்த எல்லா ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ நைட் கிரீம்" என்று வாய்மொழியாகச் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

வடலிநிழல் எழுதியது:

பிள்ளை, நிறுத்தும்போது கண்ணாடியைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். என் சிநேகிதி ஒருத்திக்கு இதே கிரீம் பிரச்சினை, தேறி வர மாதக்கணக்கானது, ஆனால் தேறினாள். அந்த நாட்களில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் தவிர வேறெதையும் முகத்தில் வைக்கவில்லை. மஞ்சள், எலுமிச்சை, தக்காளி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பொதிகைத்தென்றல் எழுதியது:

போய்விட்டு வந்தேன். பையோடுதான் போனேன். டாக்டர் ஒவ்வொரு ட்யூபாகத் திருப்பிப் பார்த்து, நைட் கிரீமைத் தனியே எடுத்து வைத்தார். ஸ்டீராய்டால் வந்ததுதான் என்றார், ரோசேசியா அடியில் இருக்கிறதா என்று முகம் அடங்கிய பிறகு பார்ப்பாராம். நைட் கிரீமைக் குறைத்து நிறுத்துவதற்கு ஒரு அட்டவணை எழுதித் தந்தார், அதனோடு ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை. கிளிண்டாமைசினை அடியோடு நிறுத்தச் சொன்னார். முகம் ஆறிய பிறகு அடாபலீனை மறுபடி மெல்லத் தொடங்கி, தேவைப்பட்டால் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் சேர்க்கலாமாம். கல்யாணப் பேச்சு நடப்பதால் அதையும் சொன்னேன். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது அடாபலீனையும் டாக்சிசைக்ளினையும் விட்டுவிட வேண்டும், அப்போது அசெலாயிக் அமிலத்துக்கு மாறலாம் என்றார்.

இரண்டு சின்னக் கேள்வி. மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்க மறந்துவிட்டேன். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்கிறார்களே, உண்மையா?

மருந்துக்கட்டு எழுதியது:

டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். தொண்டைக்குழியில் தங்கினால் புண்ணாக்கிவிடும். இரும்புச் சத்து மாத்திரையோ அசிடிட்டி மருந்தோ சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சேராது. வெயில் சீக்கிரம் சுடும், அதனால் சன்ஸ்கிரீனை விடாதீர்கள்.

வெளுக்கும், நிச்சயமாக வெளுக்கும். என் கடையில் வேலை செய்கிற பையனின் மெரூன் துண்டில் ஆரஞ்சு நிறத்தில் கை அடையாளமே விழுந்திருக்கிறது. தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள், போட்டதும் கையைக் கழுவுங்கள், காய்ந்த பிறகு சேலை உடுத்துங்கள். ட்யூபை ஸ்கூட்டி டிக்கியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சூட்டில் அது சிதைந்து பென்சீன் உண்டாகலாம். அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2025-இல் 95 தயாரிப்புகளைச் சோதித்ததும், சிலவற்றைக் கம்பெனிகள் திரும்பப் பெற்றதும் இதனால்தான். பெரும்பாலானவற்றில் கவலைப்படும்படி இல்லை, ஆனாலும் வீட்டில் வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள். தேதி முடிந்த ட்யூபைப் போட வேண்டாம். வாங்க வரும்போது அந்தச் சீட்டையே கொண்டு வாருங்கள், பழைய ட்யூபைக் காட்டி வாங்க வேண்டாம்.